எழுநூற்று முப்பது மணித்தியாலம்

ஒரு மாதம் என்றால் எழுநூற்று முப்பது மணித்தியாலம்.
பெப்ரவரிக்கும் அதேதான்.
போயா, தீபாவளி, கரண்ட் வெட்டு
எதுவும் இந்தக் கணக்கில் கிடையாது.

தலவாக்கலை, ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடி.
சிக்னல் கிடைக்கும் யன்னலோரம் நான்.
ஊசிமலைத் தோட்டத்துக் கொழுந்து நிறுவையை
கிளவுட்டில் ஏற்ற மாதம் என்ன போகும் என்று
திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

முதல் வரி: மெய்நிகர் இயந்திரம் ஒன்று.
இரண்டு கோர், எட்டு ஜிபி நினைவகம்.
மணிக்கு எட்டுச் சதமும் கொஞ்சமும். டொலர்ச் சதம்.
பெருக்கினால் அறுபது டொலர் எழுபத்து நாலு.
"ராவுல யாரு கொழுந்து நிறுக்கிறா?"
அந்தோனிராஜ் கேட்டார், தொழிற்சாலைக் கிளார்க்.
நியாயம்தானே.
காலை ஆறுக்கு எழுப்பி மாலை ஆறுக்கு அணைத்தால்
இருபத்தாறு நாளைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு மணி.
இருபத்தாறு டொலருக்குள் அடங்கிவிட்டது.
இனி அதுவும் பெரட்டுக்கு வந்தால்தான் பேர்.

வட்டு அப்படியில்லை.
இயந்திரம் படுத்தாலும் வட்டுக்கு வாடகை ஓடும்.
எனக்குத் தேவை தொண்ணூறு ஜிபி,
அவர்கள் விற்பது நூற்றிருபத்தெட்டு.
நடுவில் உள்ள முப்பத்தெட்டும் என் தலையில்.
தோட்டத்துத் தராசு இதற்கு நேர் எதிர்:
சாக்குக்கென்று இரண்டு கிலோ,
ஈரத்துக்கென்று ஒன்று,
பிறகும் மிஞ்சுகிற எண்ணூறு கிராம்
எங்கே போகிறதென்று எந்தப் பத்தியிலும் இல்லை.
கட்டுகிற ஆளுக்கு மேலே முழுமையாக்கு,
வாங்குகிற ஆளுக்குக் கீழே.
இரண்டையும் ஒரே திரையில் வைத்துக்கொண்டு
ஆறிய டீயைக் குடித்து முடித்தேன்.

"மேகத்துக்கா காசு?
இங்க கதவத் தொறந்தா ஓசியிலயே வருதே."
இதுவும் அந்தோனிராஜ்தான்.

சிங்கப்பூரை விட மும்பாயில் சில சதம் மலிவு.
மும்பாய் என்று தெரிவு செய்தேன்.
எந்தக் காலத்திலோ கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்த பேர்கள்
எண்ணாகி அந்தப் பக்கம் போகின்றன.
உள்ளே அனுப்பக் கட்டணமில்லை.
வெளியே எடுக்கத்தான் ஜிபிக்கு இவ்வளவு என்று
சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

ஏழாவது வரியில் வில்லங்கம்.
தொண்ணூற்று நாலிலிருந்து செக்ரோல் பக்கங்கள்,
ஸ்கேன் பண்ணியது, இருநூறு ஜிபி.
விஜேகோன் ஐயாவின் மின்னஞ்சல் இரண்டே வசனம்:
மூன்று வருடத்துக்கு மேற்பட்டது தேவையில்லை.
செலவைக் குறையுங்கள்.

பழனியாயி என்று ஒருத்தர்
இரண்டு வருடமாக ஒஃபீஸ் வாசலுக்கு வருகிறாராம்.
ஈ.பி.எப். புத்தகத்தில் பழனியம்மா என்று விழுந்துவிட்டது.
இரண்டாயிரத்து மூன்றில் பெரட்டில் நின்றது எவர் என்று
சொல்ல அந்தச் செக்ரோலை விட்டால் வேறு ஆளில்லை.

குளிர்ந்த சேமிப்பு என்று அடித்தட்டு ஒன்று உண்டு.
கேட்டவுடன் தராது,
பன்னிரண்டு மணித்தியாலம் உருக விட வேண்டும்.
அவர் அதைவிட அதிகம் நின்றவர்.
இருநூறு ஜிபிக்கு மாதம் நாற்பது சதம்.
ரூபாயில் நூற்றிருபது:
பஸ் ஸ்டாண்ட் கடையில் ஒரு பிளேன்டீ, ஒரு வடை.

ஞாயிறு இரவு டொலர் முந்நூறு.
திங்கள் காலை திறந்தால் முந்நூற்று மூன்று.
நான் தொடாமலே தாள் முழுக்க எண்கள் மாறியிருந்தன.
ஏழாவது வரி ஒரு ரூபாய் இருபது சதம் ஏறியிருந்தது.
அதை அழிக்கவில்லை.
பெயரை மட்டும் மாற்றினேன்: இதர.
அனுப்பினேன்.

மத்தியானம் பதில் வந்தது.
எல்லாம் சரி.
இதர என்றால் என்ன?