தேநீர்ச் செலவு

பெயரை மாற்றிவிட்டேன். துளசிபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
காமராஜர் சாலைக்கு உள்ளே, மூன்று சந்து தாண்டி வீடு.
அதற்குமேல் சொன்னால் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

செவ்வாய் இரவு பதினொன்றரைக்கு மையத்துக்கு வந்தார்.
ஒரு காலில் தன் செருப்பு, மறுகாலில் யாருடையதோ.
நான் பேனா மூடியைத் திறந்தேன்.
பதினான்காம் கட்டம்: வன்முறையின் தன்மை.
உடல், மனம், பாலியல், பொருளாதாரம்.
பொருந்துவதைக் குறியிடுக.

"சண்டை" என்றார்.
என்ன சண்டை?
"வீட்டுல சண்டை."

அவருக்குத் தமிழ் தெரியாதென்று யாரும் சொல்லமுடியாது.
கீரைக்காரியிடம் இரண்டு ரூபாய் குறைக்கிற தமிழ்,
ரேஷன் கடை வரிசையில் குரல் உயர்த்துகிற தமிழ்,
பிள்ளையின் டீச்சர் முன்னால் கைகட்டி நிற்கிற தமிழ்
எல்லாம் இருந்தது.
ஆனால் அந்த ஆள் ஒருநாளும் தமிழில் திட்டியதில்லை.
கதவைத் தாழ் போட்டபின் நடந்ததெல்லாம்
சௌராஷ்டிரத்தில் நடந்தது.

மூன்று வேளை சாப்பிடவில்லை.
"உணவு மறுப்பு, மன அழுத்தம்" என்று பதிவேட்டில் எழுதினேன்,
என் கையெழுத்தோடு, தேதியோடு.
முட்டைக் குழம்பு அள்ளிய கரண்டியால்தான்
ரசமும் ஊற்றுகிறோம் என்பது
நான்காம் வேளையில் உறைத்தது.

சங்கத்துக்குப் போன் போட்டோம்.
"நானே வர்றேம்மா, ரெண்டு பேரையும் உக்காரவச்சுப்
பேசி முடிச்சிருவோம்" என்றார் செயலாளர்.
ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன்.
ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வாசல்வரை வந்தார்.
துளசிபாய் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்:
டீச்சரின் நாத்தனார், அவர் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தங்கை.
இந்த ஊரில் அந்தப் பேச்சு பேசுகிற வாயெல்லாம்
ஏதோ ஒரு கல்யாண ஆல்பத்தில்
அவருக்குப் பக்கத்தில் நிற்கிறது.

கடைசியில் ஊர்மிளா.
பெரியாஸ்பத்திரியில் இரவு ஷிப்டில் ரத்தம் எடுப்பவள்.
சேலத்துக்காரி. மதுரையில் அவளுக்கு
ஒரு பத்திரிகை வைக்கவும் ஆளில்லை.
சேலத்துப் பேச்சு கொஞ்சம் வேறாம்.
அவள் சொன்ன முதல் சொல்லையே துளசிபாய் திருத்தினார்.
அவள் விடவில்லை, இவரும் விடவில்லை.
உதட்டுத் தையல் இழுக்க இழுக்கச் சிரித்தார்.
அதன்பிறகு பேச ஆரம்பித்தவர்
கோரிப்பாளையத்தில் பாங்கு கேட்கிறவரை நிறுத்தவில்லை.

பாதியில் ஊர்மிளா மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டாள்.
நானும் கேட்கவில்லை.
ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.
"அதுக்குத் தமிழ்ல என்ன?"
"உங்க நாலு கட்டத்துலயும் அடங்காதுக்கா."

அந்தச் சொல்லை இங்கே எழுதப்போவதில்லை. அது அவருடையது.
படிவத்தின் ஓரத்தில்
ஊர்மிளா சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்தில் எழுதி
வட்டம் போட்டு வைத்தேன்.
கோர்ட்டுக்கும் அது வட்டத்தோடுதான் போனது.

மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன்.
"வீட்டில் பேசும் மொழி" என்று ஒரு கட்டம் வேண்டும்.
சொந்தக்காரர் இல்லாத ஊரிலிருந்து வந்து
கேட்டுச் சொல்கிறவருக்கு முந்நூறு ரூபாய் வேண்டும்.
சைவத்துக்குத் தனிக் கரண்டி வேண்டும்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது:
"மாவட்டத்தின் மொழி தமிழ்.
கரண்டிக்கு அனுமதி அளிக்கப்படுகிறது."

ஆகவே ஊர்மிளாவுக்கும்,
சூளையிலிருந்து தப்பிவந்த பெண்ணுக்காக
இரண்டு பஸ் மாறி வந்த ஒடியா நர்சுக்கும்,
தெலுங்கில் மட்டும் அழத் தெரிந்த துப்புரவுக்காரிக்காக
வந்து உட்கார்ந்த டெய்லரம்மாவுக்கும்
தேநீர்ச் செலவு என்றே கணக்கெழுதுகிறேன்.

தணிக்கைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.
"ஒரு மாசத்துல ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு டீயா?"

"பேசுறவங்களுக்குத் தொண்டை வறளும் சார்" என்றேன்.

பச்சை மையில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போனார்.