கொக்கித் துப்பாக்கி

வழக்கு முடிந்த அன்றே எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டோம்.
கார் லுபோருக்கு. நாய் எனக்கு.
ஆற்றோர மரவீட்டை விற்று ஆளுக்குப் பாதி.
பட்டியலின் கடைசி வரி மட்டும் மிஞ்சியது:
கோட்டைச் சுவர்த் துப்பாக்கி, பழைய பாணி, ஒன்று.
எடை பத்தொன்பது கிலோ.
வாய்க்குள் என் கட்டைவிரல் தாராளமாய்ப் போய்வரும்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
இது யாருக்கு?
ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் கொளுத்த வேண்டும்
என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?
பேசாமல் நின்றோம்.
அவரும் அதைத் தாண்டிப் போய்விட்டார்.

ஆகவே ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை, அக்டோபரில்,
மொராவியாவில், வேலை நின்றுபோன சுண்ணாம்புக் குவாரியில்
சந்தித்துக்கொள்கிறோம்.
அவன் துப்பாக்கியைக் கொண்டுவருவான்.
ஈயம் என் பொறுப்பு.

மருந்து முப்பது கிராம்.
வார்த்தைகள் அதைவிடக் குறைவு.
மெத்தையுறைத் துணியில் சுற்றிய குண்டு
குழலுக்குள் முனகிக்கொண்டு இறங்குகிறது.
அடியில் முட்டும்வரை சலாகையால் இடிக்கிறேன்.
இடைவெளி விட்டால் குழலே வெடிக்கும்;
இது அவன் எனக்குச் சொன்னதல்ல,
நான் அவனுக்குச் சொன்னது, முதல் வருடம்.

குழலின் அடியில் ஓர் இரும்புக் கொக்கி.
அதைக் கல்சுவரின் விளிம்பில் மாட்டிவிட்டால்
உதையைச் சுவர் வாங்கிக்கொள்ளும்.
மாட்ட மறந்தவன் தோளைத் தேடிப் பொறுக்க வேண்டியதுதான்.

நூறு மீட்டர் தள்ளி, மணல்மேட்டின் முன்னே
எவரோ எறிந்துவிட்டுப் போன எனாமல் குளியல்தொட்டி,
செங்குத்தாய், வெள்ளையாய்.
கட்டையில் கன்னம் வைத்தேன்.
"திரி" என்றேன்.
லுபோர் ஊதினான். நுனி சிவந்தது.

கிண்ணி மட்டும் புஸ்ஸென்று எரிந்து அடங்கியது.
குண்டு போகவில்லை.

இப்படியானால் விதி ஒன்றுதான்:
ஒரு நிமிடம் அசையாதே.
குழலைத் திருப்பாதே, தலையைத் தூக்காதே.
உள்ளே ஏதோ ஒரு பொறி
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கலாம்.

எண்ணத் தொடங்கினேன்.
தொட்டியின் விளிம்பில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது,
பார்த்தது, பறந்தது.
இருபத்திரண்டு. இருபத்து மூன்று.
காதில் மெழுகு அடைத்திருந்தேன்.
கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல் அவன் குரல்:
"அம்மா போய்விட்டாள். மார்ச்சில்."

திரும்பிப் பார்க்கக் கூடாது.
கன்னத்தின் கீழே வால்நட் கட்டை சில்லென்றிருந்தது.
பாப்பி விதைக் கேக்கை எனக்கென்று தனியாக எடுத்துவைத்து,
நான் விலகிய பிறகும் இரண்டு வருடம்
தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தவள்.
மூன்றாம் வருடம் வராதபோது
கோபம் என்றுதான் நினைத்தேன்.

நாற்பதா, நாற்பத்தொன்றா?
எண்ணிக்கை தவறிவிட்டது.
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.
அவனும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்தான்.
கரிக்கட்டி ஒன்று விழுந்தது, மிளகளவு.
புது மருந்து. ஊதல். சிவப்பு.

இந்த முறை மலை பேசியது.
சுவர் ஒரு தரம் முதுகு சிலிர்த்தது.
புகை எங்களையும் குவாரியையும் மூடியது,
அழுகிய முட்டை நாற்றத்தோடு.
அது விலகிப் பார்த்தால்
தொட்டியில் ஓட்டை இல்லை.
மேட்டில், அரை மீட்டர் வலப்புறம், மணல் சரிந்துகொண்டிருந்தது.
பதினோரு வருடப் பழக்கத்தில் இவ்வளவு மோசமாய்ச் சுட்டதில்லை.
அவன் கேலி செய்யவில்லை.

மண்வெட்டியால் தோண்டி எடுத்தேன்:
தோசையாய்த் தட்டையான ஈயம், இன்னும் வெதுவெதுப்பாய்.
அடுத்த வருடம் உருக்கினால் மறுபடி உருண்டை.

"இன்னொன்றுக்கு மருந்து இருக்கிறது" என்றான்.
"நீ பிடி" என்றேன். "நான் கொளுத்துகிறேன்."

இடம் மாறினோம், முதல் தடவையாக.
கொக்கி மாட்டியிருக்கிறதா என்று
அவன் பார்த்த பிறகு நானும் பார்த்தேன்.
அவன் கன்னம் வைத்தான்.
குழலின் நுனி தொட்டிக்கு மேலும் கீழுமாய்
ஆடிக்கொண்டே இருந்தது.
தோளும்.

"திரி" என்றான்.
காது கேளாதவள்போல்
நுனியை ஊதிக்கொண்டே நின்றேன்,
ஆட்டம் நிற்கட்டும் என்று.