விருப்பு இலக்கம் ஏழு

தேர்தல் கந்தோரிலிருந்து வந்த பையன்
தொப்பி நனைய வாசலில் நின்று
அண்ணாந்து பார்த்தான்.
"இதெல்லாம் எறக்கணும் அக்கா."
கொக்கியில் தொங்கியவை ஆறு கேத்தல்கள்.
பதினோரு வருடமாய் அதே கொக்கி,
விற்க விற்க அதே ஆறு.
போன கிழமையிலிருந்து அவை சின்னமாம்,
வெளியே தெரியத் தொங்கவிடுவது குற்றமாம்.
ஏணி வைத்து ஏறி ஒவ்வொன்றாய் இறக்கி
ஆணிச் சாக்குக்குப் பின்னால் அடுக்கினேன்.
எண்ணிக் குறித்துக்கொண்டான்.
படியிறங்கும்போது குரலைத் தாழ்த்தி,
"ஒண்ணு என்ன வெலக்கா?"

மஸ்கெலியா டவுனில்,
வங்கிக்கும் கோழிக் கடைக்கும் நடுவில் என் கடை.
தகரம், சீமெந்து, பைப்பு, பூட்டு.
மழை பிடித்தால் லயத்துக் கூரையெல்லாம்
என் வாசலுக்குத்தான் வரும்.
தகரத்தைச் சுருட்டித் தோளில் வைத்து ஏறுகிறவர்களில்
காசு கொடுத்தவர்கள் பாதி,
"பத்தாந்தேதி தாரேங்க்கா" மீதி.
அந்த மீதிக்கு ஒரு கொப்பி.
கட்டி முடித்தால் பெயருக்கு நேரே
சிவப்பில் ஒரு புள்ளடி.

ஏன் கேட்கப் போனேன் என்று
எல்லோரும் கேட்கிறார்கள்.
போன வருடம் மண் சரிந்த பிறகு
வீட்டுக்குப் பன்னிரண்டு தகரம் கொடுத்தார்கள்,
மாலை, மேளம், படம் பிடிக்க நாலு பேர்.
ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன்.
பெருவிரல் பட்ட இடத்தில் குழி விழுந்தது.
இருபது வருடம் தகரம் தொட்ட கை இது.
ஆடிக் காற்றுக்கு அது
தேயிலைக்குள் பறந்து கிடக்கும் என்று
யாரிடம் போய்ச் சொல்வது?
பறந்துதான் கிடந்தது.
அடுத்த கிழமை நுவரெலியாவுக்குப் போய்
கட்டுப்பணம் கட்டினேன்.
சுயேச்சைக் குழு ஐந்து. மாகாண சபை.

மேல்கணக்கு லயத்தில் கால் வைத்தேன்.
கடைசிக் காம்பராவிலிருந்து தொடங்கி
கதவுகள் வரிசையாய்ச் சாத்திக்கொண்டன.
துண்டுப் பிரசுரம் கையில் ஈரமானது.
பவளராணி வீட்டில் இல்லையாம்.
சொன்னது பவளராணியின் குரல்.
"புள்ள, கடனுக்கு வரல்ல.
ஓட்டுக்கு வந்தேன்."
உள்ளே கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு,
"ரெண்டும் ஒண்ணுதானேக்கா,
குடுத்தா திரும்பி வராது."
அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.
இந்தப் பக்கம் நானும்.
கதவு மட்டும் திறக்கவில்லை.

எங்கள் குழுவில் நாலாம் இலக்கம்,
டெய்லர் சூசைமுத்து சொன்னார்:
"கொப்பிய மேடையில வச்சுக் கிழிச்சிருங்க.
ஆயிரம் ஓட்டு நிச்சயம்."
அன்றிரவு கூட்டிப் பார்த்தேன்.
நாலு லட்சத்து எண்பத்தாறாயிரம்.
அதில் இரண்டு லட்சம் என்னுடையதே இல்லை,
பக்கத்து வங்கியுடையது.
அடுப்படிவரை கொண்டுபோனேன் என்பதையும்
சொல்லிவிடுகிறேன்.
நெருப்பு நன்றாகத்தான் எரிந்தது.
மேடையும் தெரிந்தது, மாலையும்,
படம் பிடிக்க நாலு பேரும்.
பெருவிரலைப் பார்த்தேன்.
தண்ணீரைக் கொதிக்கவைத்து
தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து படுத்தேன்.

ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு.
வென்றவருக்கு முப்பதாயிரத்துச் சொச்சம்.
வெடிச்சத்தம் அணைக்கட்டுவரை போய்த் திரும்பியது.
சூசைமுத்துவுக்கு இருநூற்றுப் பத்து,
அதில் அவருடைய தங்கச்சி வீடு இல்லை என்று
இன்னமும் கணக்குப் பார்க்கிறார்.
நான் பார்க்கவில்லை.
பார்த்தேன். ஒரு தடவை.
வாக்காளர் இடாப்பையும் கொப்பியையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்து.
ஒன்றும் தெரியவில்லை.

காலையில் கேத்தல்களை மறுபடி கொழுவினேன்.
ஆணிச் சாக்கு அழுத்தி
ஒன்றின் மூக்கு சப்பிப்போயிருந்தது.
அதற்கு ஐம்பது ரூபாய் குறைத்து எழுதும்போது
பவளராணி வந்தாள், தலையில் கொங்காணியோடு.
அரைக் கிலோ ஆணி, ரெண்டங்குலம்.
நிறுத்தேன்.
போட்டாயா என்று நான் கேட்கவில்லை.
போட்டேன் என்று அவளும் சொல்லவில்லை.
"பத்தாந்தேதி" என்றாள்.
பேனையைத் தேடினேன்.
நீலம்தான் அகப்பட்டது.