ஒரு துளை தள்ளி

காகித மகுடத்துக்குப் பசை காய்ச்சியது நான்.
மக்காச்சோள மாவு, வெந்நீர், ஒரு சிட்டிகை உப்பு.
வயது பதினொன்று. கட்டி தட்டாமல் கிளறுவேன் என்று
டீச்சர் லிரியே என்னைத் தேர்ந்தெடுத்தார்.
ஷ்கோதருக்கு வடக்கே எங்கள் ஊரில்
அந்த வருடம் கோயில் மணியை இறக்கிவிட்டார்கள்.
உள்ளே வலை கட்டிப் பந்து விளையாடினோம்;
பீடம் இருந்த இடத்தில் நின்றுதான்
நான் சர்வ் போடக் கற்றேன்.

சாமியார் தோம் ந்தோக்கைப் பீப்பாயின்மேல் ஏற்றினார்கள்.
பூசை அங்கியை உள்வெளியாகத் திருப்பி மாட்டி
கையில் ஒரு துடைப்பக் கட்டை.
மகுடத்தில் என் பசை இன்னும் ஈரம்,
ஒரு சொட்டு அவர் புருவத்தில் இறங்கியது.
"சிரியுங்கள்" என்றார் டீச்சர்.
சிரித்தோம். அது பாடம்; ஒப்பித்தோம்.
அதற்கு மன்னிப்புக் கேட்டாயிற்று.
கேட்பது எளிதாகவே இருந்தது.

இது வேறு.

எல்லாம் முடிந்து அங்கியை உருவி எறிந்தபின்
குளிரில் உள்சட்டையோடு நின்றார்.
மணிக்கட்டு வீங்கிக் கை எழவில்லை.
மீசை அரும்பாத ஒரு போலீஸ்காரப் பையன்
சேற்றில் கிடந்த அவர் கோட்டை எடுத்து உதறினான்.
குழந்தைக்கு மாட்டுவதுபோல
ஒரு கை, பிறகு மறு கை.
பொத்தான்களையும் அவனே போட்டான்,
யாரையும் பாராமல், அவசரமாக.
முதல் பொத்தான் ஒரு துளை தள்ளி விழுந்தது.
ஆகவே எல்லாமே ஒரு துளை தள்ளி.
ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் தொங்க
வண்டிவரை அப்படியே நடந்தார்.

அப்போது சிரித்தேன்.
யாரும் சொல்லவில்லை.
வயிற்றிலிருந்து வந்தது, என்னுடைய சிரிப்பு.
அவர் திரும்பினார். குனிந்து கோட்டைப் பார்த்தார்.
உதட்டோரம் ஏதோ அசைந்தது.
சிரிப்பா, வலியா,
ஐம்பது வருடமாகத் தெரியவில்லை.
எந்தச் சிறையில் செத்தார் என்பதும்தான்.

பிறகொரு நாள் வேதம் வந்தது,
மெல்லிய தாளில், இத்தாலியிலிருந்து, அரிசி மூட்டைகளோடு.
பாடுகளை வாசிக்கிறவர்கள்
முள்ளிடம் நிற்கிறார்கள், எச்சிலிடம், கோலிடம்.
நான் கொஞ்சம் தள்ளி நின்றுவிடுகிறேன்:
பரியாசம் அலுத்ததும் சிவப்பங்கியைக் கழற்றி
அவர் உடையையே அவருக்கு உடுத்தினார்களாம்.
யார்?
கிழிந்த முதுகில் துணி ஒட்டுமே,
அதை மெல்ல இறக்கியது எந்தக் கை?
துப்பியவனுடையதா?
எழுதியவர் பெயர் சொல்லவில்லை.
ராஜாவே என்று கேலிக்கு மண்டியிட்டவர்கள்
தெரியாமல் உண்மை சொன்னதுபோல
கருணையும் அவர்களுக்குத் தெரியாமல்
விரல்வழி நழுவிவிட்டதா?

ஓய்வு பெறும்வரை தொழிற்சாலையில்
பொத்தான் தைத்தேன், நாளைக்கு எண்ணூறு.
எந்தச் சட்டையும் திரும்பி வந்ததில்லை.

இன்று பெரிய வெள்ளி. வாசகம் எனக்கு.
பழைய வலைக்கொக்கி சுவரில் இன்னும் இருக்கிறது.
வாதம் பிடித்த விரல்கள்; அதனடியில் வந்து நின்ற பின்புதான்
என் கோட்டைக் கவனித்தேன்.
ஒரு பக்கம் ஏறியிருக்கிறது.
முன்வரிசையில் ஒரு சிறுமி
வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

சரிசெய்யவில்லை.
அந்த வசனம்வரை
வாசித்தாக வேண்டும்.