அறுபத்து மூன்று ரூபாய்

மார்ச் முப்பத்தொன்று, இரவு ஒன்பதரை.
லிங்கிச் செட்டித் தெருவில் எல்லா ஷட்டரும் இறங்கியாயிற்று,
எங்களுடையது முக்கால்வாசி.
பெட்டியில் அறுபத்து மூன்று ரூபாய் குறைகிறது.

"அறுபத்து மூவர் இன்னிக்கு மயிலாப்பூர்ல இருக்காங்க,
இங்க எதுக்குத் தேடுறே, பெனிட்டா?"
என்கிறார் மரைக்காயர்.
நான் சிரிக்கவில்லை.
ஒன்பதால் வகுபடுகிறது.
வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள்
பஸ்ஸில் சீட்டு மாற்றி உட்கார்ந்திருக்கின்றன.

இந்த வித்தையை ஊர் ஊராய்ப் பரப்பியவர்கள் இத்தாலிக்காரர்கள்.
வெனிஸில், ஜெனோவாவில்,
போன கப்பல் திரும்புமா என்று தெரியாத ராத்திரிகளில்
தாளின் நடுவே ஒரு கோடு கிழித்தார்கள்.
இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு.
வாங்கியவன் ஒருவன் இருந்தால்
கொடுத்தவன் ஒருவன் இருந்தே ஆகவேண்டும்.
சந்தையில் அவர்கள் பலகை போட்டு உட்கார்ந்தார்கள்,
அந்தப் பலகைதான் பேங்க் ஆயிற்று.
கடனடைக்காதவன் பலகையை உடைத்துப் போட்டார்களாம்.
திவால் நோட்டீஸ் வரும்போதெல்லாம்
எனக்கு மரம் பிளக்கும் சத்தம் கேட்கும்.

எண்கள் இங்கிருந்துதான் போயின,
அரபிகளின் தோளேறி.
முதலில் யாரும் நம்பவில்லை.
பிளாரன்ஸில் சங்கம் கூடித் தடையே போட்டார்கள்:
சைபருக்கு ஒரு வால் இழுத்தால் ஆறு, ஒன்பது,
ஆகவே தொகையை எழுத்தால் எழுது.
தப்பென்று சொல்லமாட்டேன்.

எழும்பூர் மியூசியத்துக்கு ஒரு முறை போனேன்.
இங்கே கிடைத்த ரோமாபுரிக் காசுகளில்
சிலதுக்கு ராஜாவின் முகத்திலேயே உளிவெட்டு.
உள்ளே ஈயமா பொன்னா என்று பார்த்தவன்
எவனோ, எங்கள் இனம்.
ராஜா என்றால் என்ன, ரசீது எங்கே?

மரைக்காயரின் முன்னோர் மிளகு ஏற்றியவர்கள்.
இவர் கல் இறக்குகிறார்.
கராராவில் மலையை அறுத்து,
கன்டெய்னரில் நிறுத்தி, மாதவரம் யார்டுக்கு.
போட் கிளப் ஏரியாவில் கேட்டால்
தரை என்று சொல்லமாட்டார்கள்,
"இத்தாலியன்" என்பார்கள்.
செருப்பைக் கழற்றிவிட்டு நானும் ஒரு தடவை நின்றிருக்கிறேன்.
ஏசி போடாமலே குளிர்ந்தது கால்.

பத்தே காலுக்குக் கிடைத்தது.
பிப்ரவரி பன்னிரண்டு.
ஆட்டோ, புளியந்தோப்பிலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு,
வவுச்சரில் இருநூற்று எண்பத்தொன்று.
பேரேட்டில் இருநூற்றுப் பதினெட்டு.
என் கையெழுத்துதான்.

அன்றைக்கு ஸ்டாண்டிலிருந்து ஒரு பலகை சரிந்தது.
கீழே ஏழுமலை நின்றிருந்தான்.
ஆட்டோவில் வந்தவள் செண்பகவல்லி.

அடித்து, மேலே திருத்தி, சுருக்கொப்பம் போட்டேன்.
பெட்டி சரியாகிவிட்டது.
அந்தப் பக்கத்திலேயே மற்ற வரிகளும் இருக்கின்றன:
உடைந்த பலகை ஒன்று, எண்பத்து நாலாயிரம்,
இன்ஷூரன்ஸில் வரவு.
இதர செலவு, மூன்று லட்சம்,
ரொக்கத்தில் பற்று வைத்துத் தீர்த்தது.
இரண்டு பக்கமும் கூட்டினேன்.
ஒரு பைசா பிசகில்லை.
வெனிஸிலிருந்து யார் வந்து பார்த்தாலும் மெச்சுவார்கள்.

"கிடைச்சுதா?" என்கிறார் மரைக்காயர்.
"கிடைச்சுது."
"ஆட்டோ எதுனாச்சும் பிடிச்சுப் போ, லேட்டாச்சு."
ஷட்டர் மீதியும் இறங்குகிறது.

செக் வாங்க வந்த அன்று
இந்த மேஜைக்கு எதிரில்தான் உட்கார்ந்தாள்.
கையெழுத்து கட்டத்தைத் தாண்டி ஓடியது,
பெயர் நீளம்.
பிறகு செக்கை வெளிச்சத்துக்குத் திருப்பி,
"மூணு லட்சத்துக்கு எத்தினி சைபரும்மா?" என்றாள்.
அஞ்சு என்றேன்.
விரல் வைத்து ஒவ்வொன்றாய் எண்ணினாள்.
அஞ்சும் இருந்தது.