ஒன்பது பாகை

வாளியைக் கொண்டுவந்தார்கள்.
நீலப் பிளாஸ்டிக் வாளி, கொட்டாஞ்சேனைக் கடைகளில்
கயிற்றில் கோத்துத் தொங்குமே, அதே வாளி.
பெரியாஸ்பத்திரியில் மெஷினுக்கு வரிசை நீளமாம்.
"முகத்தை உள்ளுக்கு வையுங்கோ.
அடியில ஒரு கோடு தெரியும்.
நான் திருப்பத் திருப்ப,
நெட்டுக்குத்தா நிற்கிற நேரம் சொல்லுங்கோ."

சிரிப்பு வந்தது.
முப்பத்தொரு வருஷம் சுவர் எடுத்தவனிடம்
நேர் எது என்று கேட்கிறார் டொக்டர் இரேஷா.
"சவிரியானுக்குக் கண்ணுக்குள்ளேயே குண்டு தொங்குது" என்று
கொந்தராத்துக்கார முபாரக் என்னைக் காட்டிக்
கூலி பேசுவார், தெரியுமா?

"இப்ப சரி" என்றேன்.
முகத்தை எடுத்துப் பார்த்தால்
வாளியின் முதுகில் பாகைமானி,
நடுவிலிருந்து ஒரு நூல், நுனியில் ஒரு நட்.
என் தூக்குநூல்.
என் நேர் இடப்பக்கம் சாய்ந்து
ஒன்பதில் நின்றது.

இன்னொரு தரம். எட்டரை.
இன்னொரு தரம். ஒன்பது.

காதுக்குள் பசைபோல ஒன்று, அதன்மேல்
சுண்ணாம்புத் துகள் என்றார்.
பூமி இழுக்கிற பக்கம் அது சரியும்,
அதைக் கேட்டுத்தான் கண் தன்னை நிமிர்த்தும்.
இடக்காது பேச்சை நிறுத்திவிட்டது,
வலக்காது தனியே கத்துகிறது,
அதனால் தலை இடத்தோளைத் தேடுகிறது,
இடக்கண் ஒரு இழை கீழே, வலக்கண் ஒரு இழை மேலே,
இரண்டும் தம் குழிக்குள் இடப்பக்கம் உருண்டிருக்கின்றன.

"சுண்ணாம்பா?" என்று மட்டும் கேட்டேன்.

விழுந்தது வெள்ளவத்தையில், நாலாம் மாடிச் சாரத்தில்.
கடல் துறைமுகப் பக்கமாய்ச் சரிந்து கிடந்தது
ஒரு துளி சிந்தாமல்.
கீழே ஒரு கோச்சி, அதன் தோளில் இன்னொரு கோச்சி,
இரண்டின் வாசலிலும்
அதே ஆட்கள் தொங்கினார்கள்.
சாந்துச் சட்டிக்குள் வாந்தி எடுத்தேன்.

அன்று எடுத்த சுவரை நினைத்து
ஆறு இரவு தூக்கமில்லை.
ஏழாம் நாள் முபாரக் போன் எடுத்தார்:
"போய்ப் பார்த்தேன் மேசன், நேராத்தான் நிக்குது."
நான் திரும்பும் நேரமெல்லாம்
கையாள் நிலந்த நூல் பிடித்திருக்கிறான்.
எனக்குச் சொல்லவில்லை. நல்ல பொடியன்.
அன்று பகல் சோறு இறங்கவில்லை எனக்கு.

காது திரும்பாதாம். மூளை மெல்ல மெல்லக்
கணக்கைத் திருத்திக்கொள்ளுமாம்.
வெளிச்சத்தில் பரவாயில்லை,
கதவுநிலை, மின்கம்பம், கோயில் மணிக்கூண்டு,
யார் யாரோ நிறுத்திவைத்த நேரைப் பிடித்து
ஜம்பட்டா வீதியில் நடந்துவிடுகிறேன்.

கரண்ட் போனால்தான்.
போன கிழமை இருட்டில்
அலுமாரி ஒருபக்கம், நான் ஒருபக்கம்.

மெற்றில்டா என் தூக்குநூலை எடுத்துக்
கட்டிலடி ஆணியில் மாட்டினாள்.
"இருட்டில என்னத்தைப் பார்க்கிறது?" என்றேன்.
"பார்க்க இல்லை, பிடிக்க."

இரவில் எழும்பினால்
இரண்டு விரலால் தேடிப் பிடிக்கிறேன்.
குண்டு கொஞ்சம் ஆடும்.
அது நிற்கும்வரை நிற்கிறேன்.
பிறகு கக்கூசுக்குப் போகிறேன்.