ஒன்பதாவது பாட்டில் ஒரு சொல்

இருபத்திரண்டு விளையாட்டுகளின் முகப்புப் பாடல்கள்,
இரண்டு வட்டுகள், ஒரு சிறு புத்தகம்.
புத்தகம் என் பொறுப்பு.
பாதிக் கம்பெனிகள் இன்று இல்லை.
ஒன்றின் முகவரியில் பல் மருத்துவர் இருக்கிறார்;
உரிமை கேட்டுப் போன அகுத்சு
பல்லைச் சுத்தம் செய்துகொண்டு திரும்பினான்.

ஒன்பதாவது பாட்டு
ஒரு நிமிடம் முப்பத்திரண்டு நொடி.
வானத்தில் ஒரு கப்பல் போகும்,
ஒரு பெண் திரும்பிப் பார்ப்பாள்,
அவள் கூந்தல் மூன்றே படங்களில் அசையும்.
அந்தக் காலத்துக் கணினியால் அவ்வளவுதான் முடிந்தது.
மிச்சக் காற்றைப் பாட்டு வீசியது.

இரண்டாம் சரணம்,
தாளம் நின்று திரும்பும் இடத்தில்
ஒரு சொல் பிடிபடவில்லை.
உமி என்றால் கடல்.
யுமெ என்றால் கனவு.
எழுதியவர் போய்ச் சேர்ந்துவிட்டார்,
கைப்பிரதி அலுவலகம் காலியான அன்று குப்பை லாரியில்.
பாதி வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம்:
கடலும் கனவும் ஒரே எருமையாகக் கத்தின.
ஹிசாயே கடல் என்றாள்.
அகுத்சு கனவின் மேல்
மதியச் சாப்பாட்டைப் பந்தயம் கட்டினான்.

உறையில் பாடகியின் பெயர் லூமி.
சம்பள ரசீதில் இசோகாவா மிசாவோ.
மாஏபாஷியில், கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில்
இரண்டு வகுப்புகளுக்கு நடுவே
பத்து நிமிடம் தந்தாள்.
தொலைபேசியில் பாட்டை ஓடவிட்டேன்.
அந்தப் பக்கம் யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கும்
பீப் பீப்.
கடைசிவரை கேட்டாள்.
'நல்ல குரல்தான்' என்றாள்,
வீடு மாறிப்போன பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல.

அந்தச் சொல்?

'அது சொல்லே இல்லை.
தாளில் தேநீர் கொட்டி மை கலைந்துவிட்டது.
ஸ்டூடியோவில் எங்களுக்கு நாற்பது நிமிடம்தான்.
வாய்க்கு வந்ததைச் சொல்போல இழுத்தேன்.
கண்ணாடிக்கு அப்பால் எல்லோரும் தலையாட்டினார்கள்.
சரி, பையன் காத்திருக்கிறான்,
இன்றைக்கு அவனுக்கு மேட்டுச் சாலை.'

மதியச் சாப்பாட்டை நான் தின்றேன்.

தின்றுகொண்டே நினைத்தேன்.
ஏழு ஃப்ளாப்பிகளை மாற்றி மாற்றிச் செருகி
எத்தனை பேர் அந்த வாசலைக் கடந்திருப்பார்கள்!
என் அண்ணன் குளிக்கும்போது
அந்த இடத்தில் யுகி என்று பாடுவான்.
பனி.
அவன் விளையாடிய கோடையில்
எங்கள் அறையில் மின்விசிறிகூட இல்லை.

புத்தகத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்,
இரண்டெழுத்து அகலத்துக்கு.

மெய்ப்பு திரும்பி வந்தது.
வெறுமையைச் சுற்றிச் சிவப்பு வட்டம்,
பக்கத்தில் கேள்விக்குறி.
திருத்தாதே, இருந்தபடி விடு என்பதற்கு
எங்கள் அச்சுத் தொழிலில்
ஓரத்தில் ஒரு சொல் எழுதுவோம்.
எழுதினேன்.

இகி.

உயிர் என்று பொருள்.